அழைக்காத ஊர்: சேர்வராயன் மலையில் நம்பிக்கை போன வழி

சேர்வராயன் மலையின் உட்பகுதியில் ஒரு குக்கிராமம். நாற்பத்தைந்து வீடுகள். எட்டு மாதமாக அங்கிருந்து 108-க்கு ஓர் அழைப்புகூடப் போகவில்லை. ஊர்த் தொடக்கப்பள்ளியைப் பற்றிப் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கு ஒரு புகாரும் போகவில்லை. மேசையில் பட்டியலை வைத்துப் பார்ப்பவருக்கு இது தொந்தரவில்லாத ஊர். ஆனால் அந்த எட்டு மாதத்தில் அங்கே ஒரு மாரடைப்பு, இரண்டு பிரசவம், ஒரு பைக் விபத்து நடந்திருக்கின்றன. நான்குக்கும் காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டிதான் மலையிறங்கியது. பள்ளியில் 24 பேராக இருந்த பிள்ளைகள் 11 ஆகிவிட்டார்கள்.

இது தனி ஒரு ஊரின் கதை அல்ல. மலைக் குக்கிராமங்களில் திரும்பத் திரும்ப நடக்கிறவற்றைச் சேர்த்து ஒரு மாதிரி நிகழ்வாகக் கட்டியிருக்கிறோம். வீட்டுக் கணக்கு, பிள்ளைகள் கணக்கு, மணிக் கணக்கு ஆகியவை அந்த மாதிரிக்கு உரியவை. மலையும் சாலையும் சட்டமும் மருத்துவ முறையும் உள்ளபடியே.

சாலையைப் பற்றிக் கொஞ்சம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை உண்டு. ஏற்காடு நகரம் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், தலைச்சோலை, வாழவந்தி போன்ற ஊராட்சிகளின் குக்கிராமங்கள் அதற்கும் அப்பால். ஆகவே உள்ளூர்க்காரருக்குப் பெரிய மருத்துவமனை என்பது இரண்டு பயணம்: முதலில் ஏற்காடு வரை, பிறகு மலையிறக்கம்.

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து 13-வது வளைவில் கவிழ்ந்தது. உயிர்கள் போயின, பலர் காயமடைந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. அப்படிப்பட்ட நாட்களில் எல்லாத் துறையும் மலைமேல் நிற்கும். கலெக்டர் வருவார், பொக்லைன் வரும், செய்தி வரும். ஊர் நம்பிக்கை இழந்தது அந்த நாட்களில் அல்ல. யாரும் பார்க்காத ஒரு சாதாரண இரவில்.

அந்த இரவு

ஆடி மாதம், விடாத தூறல். 7.40 மணிக்கு, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் அடுக்கியிருந்த விறகை எடுக்கப் போன பெண்ணுக்கு வலது கையில் பாம்பு கடித்தது. பச்சை நிறம், முக்கோணத் தலை, இடுப்பு உயரத்துக் கிளையில் சுற்றிக் கிடந்தது.

ஊருக்குள் டவர் கிடையாது. மேலே பாறை மீது ஏறினால்தான் இரண்டு கோடு வரும். 7.50-க்குக் கணவரின் தம்பி பாறைக்கு ஓடி 108-ஐ அழைத்தார். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15 முதல் இயங்கும் இந்தச் சேவைக்கான அழைப்பு சென்னையிலுள்ள மையத்துக்குப் போகும். "எந்த ஊருங்க?" என்று கேட்டார்கள். பதற்றத்தில் "வேலூர் தாண்டி உள்ள வரணும்" என்றார். ஏற்காடு ஒன்றியத்தில் வேலூர் என்றே ஓர் ஊராட்சி இருக்கிறது. ஆனால் சென்னையில் கேட்பவர் காதில் விழுந்தது கோட்டை உள்ள வேலூர். அதைச் சரிசெய்யவே மூன்று நிமிடம் போனது.

7.58-க்கு வண்டி ஒதுக்கினார்கள். மலைமேல் நிற்கும் வண்டி அப்போது ஒரு கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு சேலம் போயிருந்தது. இறங்க ஒரு மணி நேரம், வார்டில் ஒப்படைக்கக் கொஞ்ச நேரம், மறுபடி ஏற்றம் என்று ஒரு நடைக்கு இரண்டரை மணி முதல் மூன்று மணி வரை பிடிக்கும். அதனால் அடிவாரப் பக்கத்து வண்டியை ஏற்றிவிட்டார்கள். முடிவு சரியானதுதான். கோளாறு அடுத்த வாக்கியத்தில் நடந்தது. "வண்டி வந்துட்டு இருக்குங்க" என்று மட்டும் சொன்னார்கள். எங்கேயிருந்து வருகிறது, எவ்வளவு நேரமாகும் என்று சொல்லவில்லை.

8 மணிக்குத் தம்பி பாறையை விட்டு வீட்டுக்கு ஓடினார். அண்ணி வலியில் துடிக்கும்போது யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அந்த நிமிடத்தோடு தொடர்பு அறுந்தது. வண்டியின் அவசர மருத்துவ உதவியாளர் வழியெல்லாம் அந்த எண்ணுக்கு முயன்றார். ஒவ்வொரு முறையும் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற குரல்தான். 8.35-க்கு ஊர் பொறுமை இழந்து பிக்கப்பைக் கிளப்பியது. 9.05 வாக்கில், ஏற்காடு ஒண்டிக்கடை அருகே, மலையேறி வந்த ஆம்புலன்ஸும் ஊரிலிருந்து வந்த பிக்கப்பும் ஒன்றையொன்று கடந்து போயின. அரை மணி கழித்து ஊர்ப் பிரிவில் வந்து நின்ற வண்டி, ஆளைக் காணாமல் "அழைத்தவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று பதிவை முடித்துத் திரும்பியது.

ஊர் இன்றுவரை சொல்வது: "ஃபோன் போட்டோம், வண்டியே வரல." வண்டிக்காரர்கள் சொல்வது: "போய் நின்னோம், ஆளே இல்ல." இரண்டில் எதுவும் பொய் இல்லை.

உறைந்த ரத்தம்

இந்த நிகழ்வில் பெரிய சேதம் சாலையில் நடக்கவில்லை, மருத்துவமனைக்குள் நடந்தது. அதுவும் சரியான சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே.

பாம்புக்கடி என்று வந்தால் முதலில் செய்யும் பரிசோதனை எளிமையானது. நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தத்தை எடுத்துச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடினால் விரியன் விஷம் உறைதலைக் கெடுத்திருக்கிறது என்று பொருள். கட்டியாக நின்றால் இப்போதைக்கு உறைதல் சரியாக இருக்கிறது. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புப் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும். ஒரு முறை பார்த்ததோடு விடவும் முடியாது. இடைவெளி விட்டுத் திரும்பச் செய்து, 24 மணி நேரம் ஆளைக் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் ரத்தம் உறைந்தது. கை வீங்கியிருந்தது, வலி கடுமை, ஆனால் இமை சரியவில்லை, ஈறில் ரத்தமில்லை. உறவினர் சொன்ன அடையாளத்துக்கு அது மூங்கில் குழிவிரியனாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளின் விஷத்துக்காகக் குதிரையின் உடலில் உருவாக்கி எடுப்பது. மூங்கில் குழிவிரியன் அந்த நான்கில் இல்லை. தேவைப்படுகிறவருக்கு முதல் தவணையாக 8 முதல் 10 குப்பி வரை, ஒவ்வொன்றும் 10 மில்லி, நரம்பில் ஏற்றுவார்கள். தேவையில்லாதவருக்கு ஏற்றினால் பலன் இல்லை, உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதை ஏற்றுவார்கள் என்பதிலிருந்தே அதன் தன்மை புரியும். ஆகவே மருத்துவர் அதைப் போடவில்லை. வலிக்கு மருந்து கொடுத்தார், கையைத் தூக்கி வைக்கச் சொன்னார், மணிக்கு மணி ரத்தத்தைப் பார்த்தார். பாடப்புத்தகச் சிகிச்சை.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவருக்கு இதில் ஒரு வார்த்தையும் போகவில்லை. ஒவ்வொரு முறையும் ஊசியால் ரத்தம் எடுக்கிறார்கள், பாம்பு ஊசியை மட்டும் போடவில்லை. அவர் பார்த்தது அவ்வளவுதான். பெண் மூன்றாம் நாள் நலமாக வீடு திரும்பினார். ஊருக்குள் போன செய்தியோ "பாம்பு ஊசியே போடலையாம், சாமி புண்ணியத்துல பொழச்சா" என்பது. அடுத்த முறை கடிப்பது கண்ணாடி விரியனாக இருந்தால் இந்த ஒரு வாக்கியம் ஓர் ஆளைக் கொல்லும். வேர் அரைத்துக் கட்டி வீட்டிலேயே வைத்திருக்கும் அந்தத் தாமதத்தில் சிறுநீரகம் கெட்டுவிடலாம்.

பூட்டிய கதவு

பள்ளியில் நடந்தது இதைவிடச் சின்னது, ஆனால் அதே வடிவம்.

ஈராசிரியர் தொடக்கப்பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் நடத்துவார். அவரும் தேர்தல் வேலைக்குப் போக வேண்டி வந்தால் கதவு திறக்காது. தேர்தல் வேலை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் மூன்றுக்கும் ஆசிரியரை அனுப்பச் சட்டத்தின் 27-வது பிரிவே இடம் தருகிறது. அன்று நடந்தது அதுதான். விதிமீறல் எதுவும் இல்லை. பிள்ளைகள் காலையில் வந்தார்கள், சுய உதவிக் குழுப் பெண்கள் காலை உணவு கொடுத்தார்கள், பதினோரு மணி வரை திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். முந்தின நாளே தெரிந்த விஷயத்தை ஊருக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள் வேண்டும் என்கிறது சட்டம். பள்ளி அதற்குக் குறையாமல்தான் நடக்கிறது. தோட்டத்துக் கூலிக்குப் போகிற தாய்க்கு நினைவில் நிற்பது அந்த ஒரு நாள், அன்று இழந்த அரை நாள் கூலி.

இதோடு இன்னொன்று சேர்ந்தது. எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி. பிள்ளைகளை அந்த வயதில் ஃபெயில் போடக் கூடாது என்பதே எங்கள் கருத்தும். ஆனால் தேர்ச்சி என்று எழுதிய தாளைத் தவிர வேறு எதுவும் வீட்டுக்கு வருவதில்லை. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் அரும்பு, மொட்டு, மலர் என எந்த நிலையில் படிக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும், செயலியில் பதிவும் இருக்கிறது. பெற்றோருக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு முடித்த பையன் பேருந்துப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பதை அப்பா ஏற்காடு பேருந்து நிலையத்தில் வைத்துப் பார்க்கிறார். ஐந்து வருடத் தாள்களும் பொய் என்று அங்கேயே முடிவாகிவிடுகிறது.

அடுத்த ஜூனில் நான்கு குடும்பம் பிள்ளைகளை உண்டு உறைவிடப் பள்ளிக்கும் சேலத்து விடுதிகளுக்கும் அனுப்பியது. அதற்கடுத்த ஆண்டு இன்னும் சில. ஆகஸ்ட் 1 நிலவரப்படி ஆசிரியர் கணக்கு எடுக்கும்போது எண்ணிக்கை தேய்ந்திருந்தது. பணியிடம் காகிதத்தில் இரண்டாகவே இருக்க, ஒருவர் மாற்றுப்பணியில் பெரிய பள்ளிக்குப் போனார். ஓராசிரியர் பள்ளி ஆனதும் மிச்சமிருந்தவர்களும் யோசிக்கத் தொடங்கினார்கள்.

பதிவேட்டில் எது தெரியவில்லை

இரண்டு துறைக்கும் ஒரே நோய். விலகிப் போனவர்கள் கணக்கில் குறையாகத் தெரிவதில்லை, அமைதியாகத் தெரிகிறார்கள். அழைக்காத ஊரிலிருந்து தாமதம் பதிவாகாது. அழைப்பு குறைந்த இடத்தில் வண்டியை நிறுத்தி வைக்கவும் யாருக்கும் காரணம் இருக்காது. பிள்ளை போன பள்ளியிலிருந்து புகார் வராது, ஆசிரியரைத் திருப்பிக் கேட்கவும் ஆள் இருக்காது. நம்பிக்கை குறைய, சேவை குறைகிறது. சேவை குறைந்ததைக் காட்டி ஊர் "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்கிறது.

ஆதாரம் இல்லாமல் இல்லை. இருக்கும் இடத்தில் யாரும் பார்ப்பதில்லை. பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் பதிவேட்டைத் திறந்தால் காரணம் என்ற கட்டத்தில் வரிசையாக ஒரே பதில்: "பெற்றோர் விருப்பம்". பதின்மூன்று பேரின் காரணமும் அந்த இரண்டு சொல்லுக்குள் புதைந்து கிடக்கிறது. மருத்துவமனை அவசரப் பிரிவுப் பதிவேட்டில் பெயர், வயது, நோய் எல்லாம் இருக்கும். எப்படி வந்தார் என்பதை மட்டும் யாரும் மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பதில்லை.

என்ன செய்யலாம்

விழிப்புணர்வு முகாம் வேண்டாம். இந்த ஊர் அறியாமையால் விலகவில்லை, கண்ணால் பார்த்ததை வைத்து விலகியது. "108-ஐ அழையுங்கள்" என்று மைக்கில் சொன்னால் "அழைச்சோமே" என்று ஒருவர் எழுந்து நிற்பார், அதற்குப் பதில் இருக்காது.

முதல் வேலை பாறையில் தொடங்க வேண்டும். டவர் கிடைக்கிற இடத்தில், ரேஷன் கடைச் சுவரில், பள்ளிச் சுவரில் பெயிண்டால் நான்கு வரி எழுதினால் போதும்: சேலம் மாவட்டம், ஏற்காடு தாலுகா, ஊராட்சியின் பெயர், குக்கிராமத்தின் பெயரோடு வண்டி திரும்பும் இடம். இதே வரிசையில், மாவட்டத்தை முதலில் வைத்துச் சொல்ல வேண்டும். பதறுகிறவர் யோசிக்க வேண்டியதில்லை, படித்தால் போதும். அழைத்தவர் பாறையை விட்டு இறங்கக் கூடாது. நோயாளியை மற்றவர்கள் பார்த்துக்கொள்ள, ஓர் ஆள் குடையும் பவர் பேங்கும் வைத்துக்கொண்டு வண்டி வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும். இரண்டாவது ஃபோன் எண் ஒன்றையும் முதல் அழைப்பிலேயே கொடுக்க வேண்டும்.

வண்டி தரப்பில் சொல்ல வேண்டிய வாக்கியம் இப்படி இருக்கலாம்: "மேல இருக்கிற வண்டி சேலம் போயிருக்குங்க. அடிவாரத்துல இருந்து இன்னொரு வண்டி கிளம்பிடுச்சு, ஏற்காடு வர ஒரு மணி நேரம் ஆகும். உங்ககிட்ட ஜீப் இருந்தா கிளம்பி ஒண்டிக்கடை வந்துருங்க, அங்க மாத்திக்கலாம்." ஒரு மணி நேரம் என்று கேட்டால் ஊர் கோபப்படும் என்ற பயம் வேண்டியதில்லை. ஒரு மணி என்று தெரிந்தால் ஊர் அதற்கேற்பக் கிளம்பும். உட்பகுதிச் சாலை ஒவ்வொன்றிலும் வண்டி திரும்பவும் டவர் கிடைக்கவும் வசதியான இரண்டு மூன்று இடங்களை ஓட்டுநர்களும் ஊரும் சேர்ந்து முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். இதில் ஓட்டுநர்களின் சொல்லுக்குத்தான் எடை அதிகம், எந்த வளைவில் பின்னால் எடுக்க முடியாது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கடிபட்டவருக்கு வழியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்ற வேண்டும், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் குச்சி வைத்து அந்த உறுப்பை அசையாமல் வைக்க வேண்டும். இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, நடக்க விடக் கூடாது. கடித்த மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாம்பைத் தேடிப் போகவே கூடாது. இன்னொருவரும் கடிபடுவது அப்படித்தான்.

மருத்துவமனையில் தேவை மூன்று நிமிடம். குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சாய்த்துக் காட்டி, செவிலியர் சொன்னால் போதும்: "ஐயா, இதப் பாருங்க, ரத்தம் கட்டியா நிக்குது, நல்ல விஷயம். இந்தப் பாம்புக்கு நம்மகிட்ட இருக்கிற ஊசி வேலை செய்யாது, போட்டா கெடுதல் வரலாம். அதனாலதான் போடல. நாளைக்கு ராத்திரி வரைக்கும் இதே மாதிரி பார்த்துட்டே இருப்போம்." கட்டி நிற்கும் குழாயை ஒரு முறை பார்த்த கணவர் ஊரில் போய்ச் சொல்வது வேறாக இருக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது, ஈறில் ரத்தம், சிறுநீர் கறுப்பது, வீக்கம் ஏறுவது இருந்தால் உடனே திரும்பி வரவும் என்று தமிழில் எழுதிய ஒரு துண்டுத் தாள். மறுவாரம் கிராம சுகாதாரச் செவிலியர் வழக்கமான சுற்றில் அந்த வீட்டுத் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார வேண்டும்.

பள்ளியில் ஆளும் பணமும் கேட்காத இரண்டு மாற்றங்கள். ஒன்று, கதவு திறக்காத நாள் முந்தின மாலையே ஊருக்குத் தெரிய வேண்டும். வாட்ஸ்அப் மட்டும் போதாது, டவர் இல்லாத ஊரில் அது மறுநாள்தான் சேரும். காலை உணவு சமைக்கும் பெண்கள் எல்லா வீட்டுக்கும் தெரிந்தவர்கள், விடிவதற்குள் பள்ளிக்கு வருகிறவர்கள். அவர்களிடம் சொன்னால் ஊருக்கே சொன்னதாகும். இரண்டு, மாதம் ஒரு மாலை, கூலி வேலை முடிந்த பிறகு, பிள்ளைகள் பெற்றோர் முன்னால் ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். "உங்க பொண்ணு மொட்டு நிலையில இருக்கா, ரெண்டு மூணு எழுத்துச் சொல் படிக்கிறா, வாக்கியம் இன்னும் வரல, மார்கழிக்குள்ள வர வைப்போம்" என்று ஆசிரியர் சொன்னால், தாளில் போட்ட தேர்ச்சியைவிட அதற்கு மதிப்பு. குறையைச் சொன்னால் பிள்ளையை எடுத்துவிடுவார்கள் என்று ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். எடுத்தவர்கள் எல்லோரும் குறை மறைக்கப்பட்டதாக எண்ணித்தான் எடுத்தார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். தீர்மான நோட்டை வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் நின்றால், அந்தக் குழுவே இதற்குப் போதுமான இடம்.

கடைசியாக, அந்த இரண்டு கட்டங்கள். அவசரப் பிரிவுப் பதிவேட்டில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து "எப்படி வந்தார்" என்று ஒரு கட்டம்: 108, ஜீப், பைக், டோலி. மாற்றுச் சான்றிதழ் பதிவேட்டில் "பெற்றோர் விருப்பம்" என்பதை நிறுத்திவிட்டு, பெற்றோர் சொல்கிற காரணத்தை அவர் சொன்னபடியே எழுதுவது. கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு கட்டத்து எண்களையும் ஊர் முன்னால் படித்துக் காட்ட வேண்டும். பிக்கப்பில் இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று படிக்கும்போது, பிக்கப் ஓட்டுபவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன பெயர்களை அவர் சொல்வார்.